அண்ணனின் ஒன்பது நாற்பத்தொன்று

எங்கள் துக்கத்தில் வந்து நின்ற சொந்தங்களுக்கும், அண்ணன் அவர்களிடம் வண்டி விட்ட அனைவருக்கும், பழங்காநத்தம் தெருக்காரர்களுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் மகன் சொல்லிவிட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அண்ணன் பெயரில் இருக்கும் ஒரு தப்பான எண்ணிக்கையை இந்த மலரில் நான் திருத்த வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது சோழவந்தான் பக்கம், வாய்க்காலுக்கு அந்தப்புறம் ஒரு சின்ன ஊர். அய்யாவுக்குக் குத்தகை நிலம். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அய்யா தவறிய பிறகு அண்ணன் ஆரப்பாளையத்தில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே கற்ற தொழில் சாகும்வரை அவருக்குச் சோறு போட்டது. பழங்காநத்தத்தில் வீடு பிடித்து, பின்கட்டில் தகரம் போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தார். மகன் பள்ளிக்கூடம் போகும்போதே அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளையில்லாத நான் தாலியறுத்து நின்றபோது அண்ணன் பஸ் ஏறி வந்தார். "பெட்டிய எடு தாயி, போவோம்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதன்பிறகு இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் மகன், எனக்கு மருமகன் முறை, அவன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும். அண்ணனும் அதிகம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன்.

அண்ணனின் வேலை என்னவென்று சொந்தக்காரர்களில் பலருக்குத் தெரியாது. வண்டி அச்சின் நடுவே பானை போல் உப்பியிருக்கும் இடத்துக்குள் இரண்டு பல்சக்கரம் உண்டு. சின்னது பினியன், பெரியது கிரவுன். பினியன் எத்தனை சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும் என்பதில்தான் வண்டியின் இழுவை இருக்கிறது. பிக்கப் வண்டிக்கு ஆசைப்பட்டுப் பெரிய டயர் மாட்டிக்கொண்டு வருவார்கள். இழுவை போய்விட்டது என்பார்கள்.

"சின்னப் பய அப்பன் செருப்பப் போட்டு நடக்குற மாதிரி மாட்டிவிட்டுட்டு, வண்டி ஓடலைங்குறியே" என்று அண்ணன் சிரிப்பார். பிறகு டேப் பிடித்துப் பழைய டயர், புது டயர் இரண்டின் உயரத்தையும் அளப்பார். எதற்கு எத்தனை பல் போட வேண்டும் என்பதை அவரே மனதுக்குள் போட்டுச் சொல்லிவிடுவார். அதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

முன்பு வெகுகாலம் யாருக்கும் தெரியாமல் இருந்த ஒன்றைச் சொல்கிறேன். அண்ணனுக்கு வலது கண் பார்வை பல வருடமாகவே இல்லை. சாணை பிடிக்கும் மெஷினில் தெறித்த இரும்புத் துகள் செய்த வேலை. வெளியே தெரிந்தால் வண்டி விடமாட்டார்கள் என்று மறைத்துவிட்டார். மீதிக் கண்ணுக்கும் பல்லெல்லாம் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தது. பினியனில் பல் கொஞ்சம், விரலாலேயே தடவி எண்ணிவிடுவார். கிரவுன் மட்டும் என்னிடம் வரும். பழைய இரும்புக் கடையில் வாங்கியவற்றில் பொறித்த எண் தேய்ந்து போயிருக்கும், எண்ணித்தான் ஆக வேண்டும். ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டு, அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று சுற்றி வருவேன். "எத்தனை தாயி?" என்பார். நான் சொன்னதைச் சரிபார்க்காமல் அப்படியே சுவரில் எழுதிக்கொள்வார்.

அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பிக்கப் கொண்டுவந்தார். காளை வளர்ப்பவர். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. டயர் என் இடுப்பு உயரம் இருந்தது.

"எங்க ஓட்டப் போற மாப்ள? பைபாஸ்ல பறக்கணுமா, வயலுக்குள்ள இறங்கணுமா?"

"ரெண்டும் வேணும்ணே."

"ரெண்டும் வேணும்னா ரெண்டு வண்டி வாங்கு. ஒண்ணச் சொல்லு."

"காளைய ஏத்திக்கிட்டு கம்மாய்க்குள்ள இறங்கி ஏறணும்ணே. அம்புட்டுதான்."

அண்ணன் அளந்து பார்த்தார். அவர் கணக்கில் முதல் எண் பினியன் பல், அடுத்தது கிரவுன் பல். "இப்ப பத்து நாப்பத்தொண்ணு கெடக்கு. எட்டு நாப்பத்தொண்ணு போட்டா மலையக் கூட இழுக்கும், ஆனா ரோட்ல இன்ஜின் கத்தும். உனக்கு ஒம்பது நாப்பத்தொண்ணு போதும். முன்னாடியும் அதே, பின்னாடியும் அதே. ஒரு பல்லு வித்தியாசம் வந்தாலும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ண ஒண்ணு பிடிச்சு இழுத்துக்கிரும்" என்றார்.

பின் அச்சுக்கு உரிய கிரவுனை எண்ணினேன். நாற்பத்தொன்று. முன் அச்சுக்கு உரியதை எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்தத் தம்பி, "அண்ணே, இருக்கீகளா?" என்று நேராகப் பின்கட்டுக்குள் வந்துவிட்டார். வேற்று ஆள் முன்னால் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சம். எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் போனதும் வந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். குறி போட்ட பல் வந்ததும், இதை முதலில் சேர்த்தேனா இல்லையா என்று ஒரு சந்தேகம். மறுபடி எண்ணியிருக்கலாம். அதையும் சேர்த்து நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சுவரில் எழுதினார்.

வண்டி சாலையில் நன்றாகத்தான் ஓடியது. சாலையில் பின் சக்கரம் மட்டும்தானே இழுக்கும். ஜல்லிக்கட்டு அன்று காலை காளையை ஏற்றிக்கொண்டு கண்மாய்ச் சேற்றில் இறங்கியிருக்கிறார்கள். முன் சக்கரமும் இழுக்கும்படி சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். சேற்றில் வழுக்கிக்கொண்டே ஒன்றும் தெரியாமல் ஏறிவிட்டது. தார்ச் சாலைக்கு வந்ததும் ஸ்டியரிங் முறுக்கிக்கொண்டது. முன் சக்கரத்தை விடுவிக்கும் கம்பி அசையவில்லை. கொஞ்ச தூரத்தில், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் நடுப்பெட்டி வெடித்ததுபோல் உடைந்து வண்டி நின்றுவிட்டது. காளையை இறக்கி நடத்திக் கூட்டிப் போவதற்குள் அவர்கள் டோக்கன் முறை முடிந்துவிட்டது.

மறுநாள் அந்தத் தம்பி வண்டியைக் கட்டி இழுத்து வந்து, வாசலில் நின்று சத்தம் போட்டார். தெருவே பார்த்தது.

"மாடு நடந்து போச்சுண்ணே, வண்டி நிக்குது! நல்லா இருக்கா இது? ஒரு வருசமா அந்தக் காளைக்கு உசுரக் குடுத்து வளத்தேன். பல்ல எண்ணித்தான் போட்டீகளா? கண்ணு போச்சா உங்களுக்கு?"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் டீ டம்ளரோடு நின்றேன்.

"ஆமா மாப்ள. ஒரு கண்ணு போயி ரொம்ப வருசமாச்சு. என் எண்ணிக்கைதான் தப்பு. வண்டிய விட்டுட்டுப் போ, நான் பாத்துக் குடுக்குறேன்" என்றார்.

நான் எண்ணியது என்று சொல்ல மூன்று எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை. டீ ஆறிப்போனது.

அன்றோடு ஊருக்கே அண்ணன் கண் விஷயம் தெரிந்துவிட்டது. அவருக்குக் கை தப்பிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வண்டிகள் வருவது குறைந்தது. அண்ணன் அந்த முன் அச்சைப் பிரித்து, கிரவுனை எடுத்து என் முன்னால் வைத்தார். எண்ணினேன். நாற்பது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஒரு சிவப்பு நூலை எடுத்து ஒரு பல்லில் கட்டினார். "குறி வச்ச பல்ல முதல்ல எண்ணாத தாயி. கடைசியா எண்ணு" என்றார். அம்புட்டுதான். வேறொரு கிரவுன் வாங்கி வந்தபோதும் என்னிடம்தான் தந்தார். நூல் கட்டி மூன்று தடவை எண்ணி நாற்பத்தொன்று என்றேன். வழக்கம்போலச் சரிபார்க்காமல் சுவரில் எழுதிக்கொண்டார். அன்று நான் பட்ட வெட்கத்துக்கு, அவர் அடித்திருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பின் இரண்டு வருடம் இருந்தார். கடைசி மாதத்தில் மூச்சு இழுத்தது. படுத்தபடியே பட்டறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன். "அண்ணே, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தால், "கஞ்சி இருந்தா கொண்டா தாயி" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

சொந்த ஊரில் அய்யாவும் அம்மாவும் எரிந்த இடத்திலேயே தம்மையும் எரிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் போன அன்று பார்த்து அடைமழை. வாய்க்கால் தாண்டும் பாதை சேறாகி, அமரர் ஊர்தி போகாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது பெரிய டயர் பிக்கப் ஒன்று வந்து நின்றது. அதே அலங்காநல்லூர்த் தம்பி. அவரே இறங்கி அண்ணனைத் தூக்கி ஏற்றினார்.

பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் எங்களில் இல்லை. வீட்டில் இருந்தேன். மருமகன் தலை முழுகி வந்ததும் கேட்டேன்.

"முன் சக்கரமும் சேத்துப் போட்டாகளா?"

"ஆமா அத்தை. வாய்க்காப் பாதையில நடக்குறவுக வேகத்துக்கு, அப்பா உடம்பு அசையாம மெதுவாப் போச்சு."

"திரும்பி ரோட்டுக்கு ஏறையில சத்தம் வந்துச்சா?"

"ஒரு சத்தமும் இல்ல. ஏன் அத்தை இதெல்லாம் கேக்குறீக?"

அவனுக்கு அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பட்டறையில் அண்ணன் கடைசியாக வாங்கிப் போட்ட வேறொரு கிரவுன் நூல் கட்டியபடி கிடக்கிறது. சில நாள் பகலில் போய் உட்கார்ந்து எண்ணுகிறேன். முப்பத்தொன்பது. எத்தனை தாயி என்று கேட்க ஆளில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோன எதிர்வீட்டார், பதினாறு நாளும் எனக்குச் சோறு கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டு அம்மா, மழையில் நனைந்து நின்ற சொந்தபந்தங்கள் அனைவருக்கும் கைகூப்புகிறேன். அலங்காநல்லூர்த் தம்பி, உங்கள் வீட்டுக்கும் இந்த மலர் வரும். உங்கள் காளையைச் சாலையில் நிறுத்தியது அண்ணன் இல்லை. அவர் சொன்ன ஒன்பது நாற்பத்தொன்று சரிதான். எண்ணியவள் நான். அவர் கை தப்பியது என்று இனி யாராவது சொன்னால், இதைச் சொல்லிவிடுங்கள்.

தங்கை