மாமியாருக்கு விழுந்த எண்

கண் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவரைத் 'துடைப்பம்' என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் ஆளை நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். அவர் மேசையில் ஒரு குண்டூசிகூட வெட்டியாகக் கிடக்காது. வீட்டில் மனைவி காபி குடித்து முடிப்பதற்குள் டம்ளரைக் கழுவ எடுத்துப் போய்விடுவார். "இன்னும் ரெண்டு வாய் இருக்குங்க!" என்று அவள் பின்னாலேயே ஓடுவாள்.

வேலையிலும் இதே குணம்தான். நோயாளிகளின் விவரம் இருக்கும் தரவுத்தளத்தில் மற்றவர்கள் ஆளுக்கொரு அட்டவணையை உருவாக்கி, அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். 'புதுசு', 'புதுசு2', 'கடைசி', 'கடைசியோ கடைசி' என்று அவை குவிந்து கிடப்பதைப் பார்த்தாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் உருவாக்குவதெல்லாம் தற்காலிக அட்டவணைகள். தரவுத்தளத்தோடு அவர் கணினியின் இணைப்பு திறந்திருக்கும்வரை இருக்கும். மூடினால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். பெயர்களை உள்ளே போடப்போட எண்கள் ஒன்று, இரண்டு என்று தானாகவே ஏறும். ஒரு எண் ஒருவருக்குத்தான். "யார் கையும் படாத நம்பர்" என்று அவருக்கு அதில் ஒரே பெருமை.

இலவசக் கண் அறுவை சிகிச்சைக்கு ஏகப்பட்ட பேர் பதிந்திருந்தார்கள். போன முறை யார் முதலில் என்று கைகலப்பே வந்துவிட்டதால், இந்த முறை பெயர்களைக் கணினியில் குலுக்கி எண் கொடுக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. கண்ணில் புரை விழுந்த மாமியாரும் பதிந்திருந்தார்.

"அம்மாவைக் கொஞ்சம் முன்னாடி போட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"நானா போடறேன்? அதுவா விழும்."

"நீங்க சொன்னா அது கேக்காதா?"

"கேக்கும். அதனாலதான் சொல்ல மாட்டேன்."

மாமியாருக்கு விழுந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லோர் கைபேசிக்கும் அவரவர் எண் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து மாமியார் இவரிடம் பேசுவதில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "மாப்பிள்ளைக்கு இன்னும் சாதம் வேணுமான்னு கேளு," என்று மகளிடம் சொல்வார்.

துடைப்பமோ, வேலை முடிந்த திருப்தியில், வழக்கம்போல் இணைப்பை மூடிவிட்டிருந்தார்.

சிகிச்சை தொடங்கும் நாளன்று காலையில் பட்டியலை அச்செடுக்க உட்கார்ந்தபோதுதான் பகீரென்றது. அட்டவணை இல்லை. அனுப்பிய குறுஞ்செய்திகளின் நகலை மறுநாள்தான் தர முடியும் என்று தொலைபேசி நிறுவனம் கையை விரித்தது. வெளியே கூட்டம் நெருக்கியடித்தது. பதற்றத்தில் அதே கட்டளைகளை மறுபடியும் எழுதி ஓட்டினார். பெயர்கள் புதிதாகக் குலுங்கி, எண்களும் புதிதாக விழுந்தன. தாள் வெளியே வந்ததும் நர்ஸ் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் திரையைப் பார்த்தார். மூன்றாவது பெயர் மாமியாருடையது.

அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடினார். அங்கே முதல் எண்ணுக்கே, கைபேசியில் வந்தவர் ஒருவர், தாளில் விழுந்தவர் ஒருவர் என இரண்டு பேர் எழுந்து நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாளை எட்டிப் பார்த்த எழுத்தர் ஒருவர், "மூணாவது நம்ம துடைப்பத்தோட மாமியாராச்சே!" என்றார் உரக்க.

"அதானே பாத்தேன்! குலுக்கலாம் குலுக்கல்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

இணைப்பை மூடினேன், அட்டவணை போய்விட்டது என்று சொன்னால் இந்தக் கூட்டத்தில் யார் நம்புவார்கள்? இத்தனை வருடம் காப்பாற்றிய நல்ல பெயர் ஒரு நொடியில் கந்தலாகிவிடும் போலிருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தார். கைபேசியை உயர்த்திப் பிடித்தார்.

"என் நம்பர் மூணு இல்ல. கண்ணு தெரிஞ்சவங்க யாராவது வந்து படிங்க."

ஒருவர் படித்தார். "இருநூத்திப் பன்னண்டு."

"கேட்டீங்களா? நானும் என் பொண்ணும் எவ்வளவோ கேட்டும் இந்த மனுஷன் மசியல. அந்தக் கோபத்துல நான் இவரோட பேசறதையே விட்டுட்டேன். இவரு எனக்காகத் தில்லுமுல்லு பண்ணாருன்னு இனி யாராவது சொன்னா இருக்கு! போன்ல வந்த நம்பர்தான் நிஜம். அதப் பாத்து வரிசையா உக்காருங்க."

கூட்டம் சிரித்தது. ஒவ்வொருவராகக் கைபேசியை எடுத்தார்கள். துடைப்பம் மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் காட்டிய எண்களை ஒரு நிரந்தர அட்டவணையில் ஏற்றத் தொடங்கினார். மாமியார் மட்டும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருந்தால், மதியத்துக்குள் அவர் கண் சரியாகியிருக்கும். அதை நினைத்தபோது இவருக்கு விரல் ஓடவில்லை.

கடைசி வரிசையிலிருந்த மாமியாரிடம் போய் நின்றார்.

"அத்தை, இன்னிக்கு உங்க முறை வராது."

"தெரியும்," என்றார் மாமியார். "நாளைக்கு வரேன். ஆட்டோ நிக்கிற இடம் வரைக்கும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. படி கண்ணுக்குத் தெரியல."