சாவி என்றொரு சொல்

எங்கள் வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பின் காவலாளியை வேலையிலிருந்து விலக்கச் சொன்னவன் நான்தான். நரைத்த மீசைக்காரர். அந்த வருடம் வந்த ஸ்பானிய, போர்த்துக்கேயப் பாட்டுகளைக் கைபேசியில் கேட்டு, உலகப் பட்டியலில் எது முதலிடம் என்று வாரந்தோறும் எனக்குச் சொல்வார்.

"இந்த வாரம் போர்த்துக்கேயப் பாட்டுதாங்கய்யா ஃபர்ஸ்ட்டு. அதுல 'சாவி'ன்னு நம்ம வார்த்தை வருதுங்க!"

"விசர்க்கதை. சாவி உங்கட தேயிலைத் தோட்டத்துத் தமிழ். நாங்கள் திறப்பு எண்டுதான் சொல்லுவம். உனக்கென்ன விளங்கும்?"

"காதுல விழுந்ததச் சொன்னேங்க," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பொறுக்காமல், பாட்டில் மூழ்கி வாசலைக் கவனிப்பதில்லை என்று நிர்வாகத்திடம் பொய் சொன்னேன். அனுப்பிவிட்டார்கள்.

பின்னர் அகராதியைப் பார்த்தேன். சாவி போர்த்துக்கேயச் சொல்லேதான். கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டைத் தேடிப்போய், "நீங்கள் சொன்னதுதான் சரி. என்னை மன்னியுங்கோ" என்றேன்.

"இப்ப பாட்டே கேக்கிறதில்லைங்க," என்று கதவைச் சாத்தினார். உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டது.