நான் வாசிக்காமல் விட்ட நான்கு வரி

சாச்சா ஆஸ்பத்திரியில் மவுத்தான செய்தி தந்தியில் வந்தது. வாப்பா கடைக்குப் போயிருந்தார்கள். உம்மா தந்தியை என்னிடம் நீட்டி, "நீதானே படிச்ச புள்ள, வாசி" என்றார்கள். வாசித்தேன். அன்றிலிருந்து எதையும் சத்தமாக வாசிக்கப் பயமாக இருக்கிறது. ஏன் என்பதைச் சாச்சாவின் கூட்டாளிகளான உங்களுக்குச் சொல்லத்தான், வீடு உறங்கியபின் ஒளிந்து இதை எழுதுகிறேன்.

வாப்பாவின் ஒரே தம்பி சாச்சா. சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டி, நிறைய சிகரெட் டின், ஓயாத இருமல் எல்லாம் கூடவே வந்தன. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கடித்த கையோடு சிகரெட்டை எடுப்பார்கள்.

"கஞ்சியக் குடிச்சிட்டுப் புகைங்களேன் தம்பி. கஞ்சி என்ன ஓடியா போவுது?" என்பார்கள் உம்மா.

"கஞ்சி வயித்துக்கு மச்சி. இது உசுருக்கு."

எல்லோரும் சிரிப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன், தர்காவின் கந்தூரி விழா சமயத்தில், சைகோனிலிருந்து சாச்சாவுக்குச் சோப்புப் பெட்டி ஒன்று வந்தது. அதைச் சுற்றியிருந்த பிரெஞ்சுப் பத்திரிகைத் தாளில் சிகரெட் படம் போட்டிருந்தது. சாச்சாவுக்குப் பிரெஞ்சு பேசத் தெரியுமே தவிரப் படிக்கத் தெரியாது. உங்களில் நாலைந்து பேர் கூடத்தில் இருந்தீர்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என்னைச் சாச்சா கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு நுரையீரலில் புற்று வருகிறது என்று சீமை டாக்டர்கள் சொல்வதாக எழுதியிருந்தது.

"அது வெள்ளைக்காரன் நெஞ்சு. மாட்டுக்கறியும் சாராயமுமா வளந்தது" என்றார் ஒருவர். சாச்சா மட்டும் சிரிக்கவில்லை.

"சிகரெட்டுன்னுதான் போட்டிருக்கானா? சுருட்டப் பத்தி ஏதாச்சும் இருக்கா, நல்லாப் பாரு புள்ள."

இன்னும் நான்கு வரி இருந்தது. தெருமுனையில் கந்தூரிக் கொட்டுச் சத்தம் கேட்டது. எனக்கு ஓட வேண்டும்.

"ஒண்ணுமில்ல சாச்சா. முடிஞ்சு போச்சு" என்றேன்.

மறுநாளே டின்களையெல்லாம் அரசலாற்றில் வீசிவிட்டுச் சுருட்டுக்கு மாறினார்கள். "எங்க அண்ணன் மவ பிரெஞ்சுலயே பாத்துச் சொல்லிட்டா. சுருட்டுக்கு ஒரு கொறையும் இல்ல" என்று உங்களிடம் பெருமையடித்தது நினைவிருக்கும். அதைக் கேட்டு நீங்களும் மாறினீர்கள். வாப்பாவும் மாறினார்கள்.

இந்த வருஷம் சளியில் ரத்தம் வந்தது. வெளியே மார்ச்சளி என்றுதான் சொன்னோம். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, கார் வாசலில் நிற்க, சாச்சா என்னைப் பக்கத்தில் அழைத்தார்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

"அந்தத் தாள... இன்னொரு தரம் வாசி."

அது என் பிரெஞ்சுப் புத்தகத்துக்குள் இருந்தது. அந்த நான்கு வரிக்குப் பயந்து, தொலைந்துவிட்டது என்றேன்.

"போனாப் போவுது. நீ பாத்துத்தானே சொன்னே" என்று என் தலையைத் தடவினார்கள். அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

தந்தி வந்த அன்றுதான் அந்த நான்கு வரியையும் வாசித்தேன். சுருட்டுக்கு மாறினாலும் பைப்புக்கு மாறினாலும் ஆபத்து போய்விட்டதாக எண்ணக்கூடாது, புகையிலையையே விட்டுவிட வேண்டும் என்று இருந்தது. நோய் சிகரெட் காலத்திலேயே பிடித்திருக்கும் என்று டாக்டர் வாப்பாவிடம் சொன்னாராம். நான் அன்று முழுவதும் வாசித்திருந்தால் சாச்சா பிழைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை.

உங்கள் கையில் இருக்கும் சுருட்டு என் பொய்யால் வந்தது. தயவுசெய்து அதைக் கீழே போட்டுவிடுங்கள்.

சாச்சாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நான் சொன்னதை அப்படியே நம்பிய அந்த முகம்தான். வாப்பாவுக்கும் இப்போது இருமல் தொடங்கியிருக்கிறது. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் சுருட்டைப் பற்றவைக்க அடுப்பிலிருந்து கங்கு எடுத்துவரச் சொல்வார்கள். நாளைக்கு நான் தாளோடு போய் நிற்பேன். அடிப்பார்களோ, இனி என் முகத்தில் விழிக்கவே மாட்டார்களோ. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன்.