மூன்றாவது ராக்கெட் படத்தின் குறை

மட்டமான படத்துக்கு வக்காலத்து வாங்குவதில் என் சித்தப்பாவை மிஞ்ச அந்தக் காலத்து மலாக்காவில் ஆளே கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். நல்ல படத்தை யார் வேண்டுமானாலும் புகழலாம். அதற்கென்ன தனியாக ஒரு வாய் வேண்டுமா?

ஐம்பத்தேழில் எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின மாதங்களில் டவுன் கொட்டகைக்கு ராக்கெட் படங்கள் வரிசையாக வந்தன. ஒரே கதைதான், பாகம் பாகமாக. பூமியிலிருந்து ஒரு கூட்டம் ராக்கெட்டில் கிளம்பி வேறொரு கிரகத்துக்குப் போகும். எங்கள் வீடிருந்த காஜா பேராங்கிலிருந்து சித்தப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்துகொண்டு நான் போவேன். படம் இங்கிலீஷில் பேசும்; சித்தப்பா என் காதில் தமிழில் பேசுவார். முதல் இரண்டு படங்களை ஊரே கொண்டாடியது. மூன்றாவது வந்தபோது கச்சான் கடலைத் தோலெல்லாம் திரையை நோக்கிப் பறந்தது. சித்தப்பா மட்டும் அதை இரண்டாம் முறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் வட்டார மன்றத்தில் அவர்தான் பெரிய பேச்சாளர். எழுந்து நின்றாலே கூட்டம் அடங்கிவிடும். மாத விவாதத்துக்குத் தலைப்பு தேடியபோது, மூன்றாவது ராக்கெட் படத்தில் மிகுந்திருப்பது நிறையா குறையா என்று யாரோ வேடிக்கையாகச் சொல்ல, அதுவே முடிவாகிவிட்டது. குறை என்று பேச அப்பா. நிறை என்று பேச வேறு எந்தப் பைத்தியம் வரும்? அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்பதென்று ஆயிற்று. வீட்டில் அப்பா ஒரு நிபந்தனையும் போட்டார். தம்பி தோற்றால், பெண்பிள்ளையைக் கொட்டகைக்குக் கூட்டிப் போவது அன்றோடு நிற்க வேண்டும். அந்தப் பெண்பிள்ளை நான்தான்.

விவாதத்தன்று மன்றம் நிறைந்துவிட்டது. அப்பா படத்தைத் துவைத்துக் காயப்போட்டார். ராக்கெட்டைத் தொங்கவிட்டிருந்த நூல் தெரிந்தது, பயங்கர மிருகத்தின் காலில் கான்வாஸ் சப்பாத்து தெரிந்தது, எதையும் விடவில்லை. கடைசியாகப் பெரிய குறைக்கு வந்தார். அந்தக் கிரகத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவந்த வெளியூர் ராஜா ஒருநாள் காலையில் தன் கொடியை இறக்கி மடித்து எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் விடைபெற்றுப் போய்விடுகிறான்.

“ஆளுறவன் தானா எழுந்து போறானாம். யாருக்குக் காது குத்துறாங்க?” என்றார் அப்பா. மன்றமே சிரித்தது.

சித்தப்பா எழுந்தார். நூலையும் சப்பாத்தையும் அவர் மறுக்கவே இல்லை. முதல் இரண்டு படங்களில் கிரகத்து ஜனங்கள் அடிபட்டுச் சாவதற்கு மட்டும்தான் வந்தார்கள் என்றார். மூன்றாவதில்தான் அவர்கள் சமைக்கிறார்கள், பிள்ளைக்குத் தலை வாருகிறார்கள், பக்கத்து வீட்டோடு சண்டை போடுகிறார்கள்.

“நூல் தெரிஞ்சும் ராக்கெட் விழுந்திடுமோன்னு பதறினேன் அண்ணே. முதல் படத்துல நூலும் தெரியல, எனக்குப் பதற்றமும் வரல.”

நான்தான் முதலில் கைதட்டினேன். ஆனால் ராஜா எழுந்து போனதற்கு மட்டும், அப்படியும் நடக்கலாம் என்று மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நடுவர் தீர்ப்பை அப்பாவுக்குக் கொடுத்தார். அழுகை அழுகையாக வந்தது எனக்கு. ஆனாலும் ஊரே சிரித்தபோது தனியாளாக நின்று, அண்ணன் என்ற மரியாதையும் குறையாமல் பேசிய மனிதர் என் சித்தப்பா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன்.

ஆகஸ்டு கடைசியில் சுதந்திரம் வந்தது. காலையில் குடும்பத்தோடு கடலோரத் திடலுக்குப் போனோம். புதுக்கொடி ஏறியது. தொப்பியைக் கையில் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை பக்கத்தில் நின்றவர்களோடு கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போனார். கூட்டம் சும்மா வழிவிட்டது. கார் போன திசையையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மன்றத்து ஆட்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, “தம்பி, அந்தப் பெரிய குறையை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். இனி பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போ” என்றார். சித்தப்பா கூச்சத்தில் நெளிந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்த பிறகு தீர்ப்பைத் திருப்பிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லுங்கள்.

நான்காவது படத்துக்கு அப்பாவும் எங்களோடு வந்தார். இருந்ததிலேயே படுமோசம் அதுதான். ராஜா போன பிறகு நடக்கிற கதை. சண்டை இல்லை, மிருகம் இல்லை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே பேச்சு. எப்போதோ ராக்கெட்டில் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிப்போனவர்களில் யார் இனி அந்தக் கிரகத்துக்காரர், யார் வெளியார் என்று வழக்கு. பாதிக் கொட்டகை எழுந்து போயிற்று. சித்தப்பாவே கொட்டாவி விட்டார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்றாங்க, என்ன முடிவு பண்ணாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் படம் எப்படி என்று கேட்டேன். “நல்ல படம்மா” என்றார்.

அப்பாவும் சித்தப்பாவின் கட்சிக்கு வந்துவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இங்கே பிறந்த சித்தப்பாவுக்குக் குடியுரிமை தானாகவே வந்துவிட்டது. சிறுபிள்ளையாக நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த அப்பா, மனுப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.