ஒடையாத பின்னு

என் தங்கச்சி புருசன் நாகமரையில படகு ஓட்டினவரு. மேட்டூர் டேம் தண்ணி தேங்கி நிக்கிற எடம் அது. அங்கிருந்து அக்கரை பண்ணவாடிக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போவாரு. படகுக்குப் பின்னால மாட்டியிருந்தது அந்தக் காலத்து மோட்டாரு, எங்கே தேடினாலும் ஸ்பேர் கெடைக்காது. அதை நம்பித்தான் அவங்க வூட்ல ஒலை கொதிச்சது.

அந்த மோட்டார்ல தண்ணியைத் தள்ளுற விசிறியைத் தண்டோட சேத்துப் புடிக்கிறது பாதி சுண்டுவெரல் நீளத்துல ஒரு பின்னு. கல்லுலயோ கட்டையிலயோ விசிறி அடிச்சா அது ஒடையணும். ஒடைஞ்சாத்தான் உள்ள இருக்கிற பல்சக்கரம் பொழைக்கும். பென்னாகரத்துல என் லேத்துல நான்தான் கடைஞ்சு குடுப்பேன். மொதல்ல செம்புல செஞ்சேன், மோட்டாரைக் கெளப்பும்போதே அறுந்துபோச்சு. பித்தளைதான் சரிப்பட்டு வந்துச்சு.

ஒரு கோடையில தண்ணி எறங்கி, முழுகிக் கெடந்த பழைய ஊரோட செவுரு, மரக்கட்டை எல்லாம் மேல வந்துடுச்சு. வாரத்துக்கு நாலு பின்னு ஒடைஞ்சுது. டீக்கடையில பத்து பேரு முன்னால மச்சான் சொன்னாரு: “என்னத்த மச்சான் கடையறீங்க, முறுக்கு மாதிரி ஒடையுது!” எல்லாரும் சிரிச்சாங்க. ஒடையறதுக்குத்தான் அதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காதுல வாங்கினாத்தானே?

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். நேரா லேத்துக்குப் போனேன். வீணாப்போன டிரில் பிட்டோட எஃகுத் தண்டை எடுத்து, அளவா அறுத்து, அரம் போட்டுத் தேச்சு, அவரு கையில குடுத்தேன். “இது ஒடையாது, போங்க”ன்னேன். என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன், பாவி.

மூணாம் நாள் விசிறி கட்டையில அடிச்சுது. பல்சக்கரம் மொத்தமும் நொறுங்கிப்போச்சு. மோட்டாரு பழைய இரும்புக்குப் போச்சு, படகு கரையிலேயே கெடந்து மக்குது. மச்சான் இப்ப ஓசூர்ல வாட்ச்மேன். தங்கச்சி பாலக்கோட்டுல வாடகை வூட்ல இருந்துக்கிட்டு, தக்காளி மண்டியில பொட்டி தூக்குறா.

போன மாசம் அவளைப் பாக்கப் போனேன். சோறு போட்டா. சாமி படத்துக்குக் கீழ அந்தப் பின்னை வெச்சிருக்கா, ஒரு கீறல் இல்ல.

“மோட்டாரே தூளாப் போச்சு, ஒங்க வேலை மட்டும் அப்படியே நிக்குது பாருங்கண்ணா”ன்னா. பெருமையாத்தான் சொன்னா. நான் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.