ஒரு பலகைக் குருவி

குருவி எண்ணுவது வேலையத்தவர்கள் செய்கிற வேலை என்று என் வீட்டுக்காரர் சொன்ன மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். யாராவது வேண்டாம் என்றால்தான் எனக்கு ஒரு காரியத்தில் கை ஓடும். பிறவிக் கோணல், இனி நிமிராது.

எண்ணுவது எனக்குப் புதிதும் அல்ல. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் வரிசையாக இருக்கிற இடத்தில், பியூஸ் கட்டை செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்தைந்து வருஷமாக அதுதான் என் பிழைப்பு. அச்சில் அடித்துக் காயவைத்த கட்டைகளைப் பலகையில் அடுக்கி வைப்பார்கள். ஒரு பலகைக்கு ஐம்பது. பலகைக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் மொத்தத்தை எழுதிச் சூளைக்கு அனுப்புவேன்.

பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ களிமண் எடுத்தது. மழைத்தண்ணீர் தேங்கி, சம்பங்கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால், சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் தகைவிலான் குருவிகள் வந்து பள்ளத்தோரத்து மின்கம்பியில் உட்காரும். சிவந்த தொண்டை, பிளந்த வால். இருட்டும்போது எல்லாம் ஒன்றாக எழும்பிக் கோரைக்குள் இறங்கித் தூங்கிவிடும். அவை இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குளிருக்குத் தப்பி வருகின்றன என்று கல்லூரி டீச்சர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் பைனாகுலரோடு வந்த அவர், "வாரம் ஒருநாள் எண்ணி எழுதி வைக்க யாராச்சும் கெடைப்பாங்களா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

அதிலிருந்து, சீசன் முடியும்வரை சனிக்கிழமைதோறும் ஐந்தரை மணி கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவேன். குடை பிடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறேன். காய்ச்சலோடும் எண்ணியிருக்கிறேன். ஒவ்வொன்றாக எண்ணத்தான் டீச்சர் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது ஒத்துவரவில்லை. பத்து எண்ணுவதற்குள் இரண்டு பறந்துபோய் மூன்று வந்து உட்காரும். அதனால் பட்டறை வழக்கப்படியே செய்தேன். கம்பியில் ஒரு பலகைக் குருவியைக் கண்ணால் அள்ளி ஒரு கோடு, அடுத்த பலகைக்கு அடுத்த கோடு. இத்தனை வருஷம் ஐம்பதையே பார்த்த கண்ணுக்கு ஐம்பது என்றால் என்ன என்று தெரியாதா?

இந்த வருஷம் பட்டறை முதலாளிகள் கூடிப் பேசினார்கள். உடைந்த பீங்கானைக் கொட்டிப் பள்ளத்தை மேடாக்கி, லாரி நிறுத்துவது என்று முடிவானது. கோரை போனால் குருவிகளுக்குப் படுக்க இடம் கிடையாது. டீச்சர் மனு கொடுத்தார். விசாரிக்க வரப்போகும் அதிகாரிக்குக் காட்ட எங்களிடம் இருந்தது என் நோட்டு மட்டும்தான்.

அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் டீச்சர் வாடிய முகத்தோடு வந்து செல்போனில் ஒரு படம் காட்டினார். இந்த ஐப்பசி முதல் சனிக்கிழமை, கூட்டம் இன்னும் சேராத நாளில், நான் எண்ணும்போது அவர் எடுத்தது.

"அக்கா, இந்தப் படத்துல நூறு குருவி இருக்குது. மூணு தடவ எண்ணிட்டேன். உங்க நோட்டுல அன்னிக்கி தொண்ணூறுன்னு போட்டிருக்குதே?"

நோட்டைப் பிரித்தேன். இரண்டு கோடு. அதன் கீழே என் கையெழுத்தில் தொண்ணூறு.

பட்டறையில் பலகைக்கு ஐம்பது என்று யாரும் எழுத மாட்டோம். சூளையில் எப்படியும் ஐந்து வெடிக்கும், இல்லை கோணிக்கொள்ளும். அதை முன்கூட்டியே கழித்து நாற்பத்தைந்து என்றுதான் எழுதுவது. கண் ஐம்பதைப் பார்க்கும், கை நாற்பத்தைந்தை எழுதும். நான்கு வருஷமாக, ஒரு வாரம் தவறாமல், குருவிகளுக்கும் வெடிப்புக் கழித்திருக்கிறேன்!

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "குருவி என்னா சூளையிலயா வேவுது, வெடிக்கறதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு பெரிய மலையைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவற்றை நான் காகிதத்தில் சாகடித்திருக்கிறேன். அடுப்படிக்குப் போய் அழுதேன். அப்புறம் என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்துவிட்டால் நான் சரியாகிவிடுவேன்.

மறுநாள் விஷயத்தைச் சொல்லி, நோட்டைத் திருத்தணும் என்றதும் டீச்சர் தயங்கினார். "இப்ப மாத்துனா, வேணும்னே ஏத்தி எழுதுனோம்னு சொல்லுவாங்கக்கா. கொறைச்சித்தானே இருக்குது, அப்படியே வுட்டுடலாம்."

"வந்தது வந்ததுதான் டீச்சர். நானே சொல்லிடறேன்."

சனிக்கிழமை அதிகாரி பள்ளத்தோரம் வந்து நின்றார். சுற்றிலும் முதலாளிகள். லாரி விஷயத்தில் முன்னால் நின்றவரே என் முதலாளிதான். அவர் முகத்துக்கு நேரே பேசினால் திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமோ, என்னவோ. ஆனாலும் கோடு போட்டதையும் கழித்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அதிகாரி நோட்டை மூடினார். "நாலு வருஷக் கணக்கும் தப்புன்னா, இத எப்படிம்மா நம்புறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி நோட்டை வாங்கிப் புரட்டினார். கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அவரும் சின்ன வயதில் பலகை தூக்கியவர்.

"கோடு சரியாத்தான் சார் இருக்கும். இந்தம்மா கோடு தப்பி நான் பாத்ததில்ல. பழக்கத்துல கழிச்சிருக்குது, அவ்ளோதான். எங்க எல்லாருக்கும் அதே கைதான்."

சொன்ன பிறகுதான் யார் பக்கம் பேசிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சரி, இருந்து பாத்துட்டே போறேன்," என்றார் அதிகாரி.

குருவிகள் வந்தன. அதிகாரி விரலை நீட்டி எண்ண ஆரம்பித்து மூன்று முறை தவறவிட்டார். நான் கம்பியோரமாக நடந்து கோடு போட்டேன். கம்பிகள் நிறைந்து, பிறகு எல்லாம் மொத்தமாக எழும்பி எங்கள் தலைக்கு மேலே சுழன்று கோரைக்குள் விழுந்தன. கொஞ்ச நேரம் பள்ளம் முழுக்கக் கீச்சுக்கீச்சு என்று ஒரே சத்தம். அதிகாரி அப்படியே நின்றார்.

"பத்து இருபது இருக்கும், மூடிடலாம்னு நெனச்சித்தான் வந்தேன்," என்றார். "இத மூடச்சொல்லி நான் எழுத மாட்டேன். லாரிக்கு வேற எடம் பாருங்க. எவ்ளோம்மா மொத்தம்?"

பன்னிரண்டு கோடு. கை அதுபாட்டுக்குக் கழித்து, ஐந்நூற்று நாற்பது எழுத ஐந்து போட்டது. அதை அடித்துவிட்டு அறுநூறு என்று எழுதிக் காட்டினேன். அவர் குறித்துக்கொண்டு போனார்.

"திங்கக்கெழம சூளை ஏத்தணும், நேரத்துக்கு வந்துடு," என்றார் முதலாளி முறைப்பாக. இரண்டடி போனவர் திரும்பி வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "இதுல கழிக்கலியா?"

"இல்லீங்க மொதலாளி," என்றேன். "ஒண்ணுகூட வெடிக்கல."