கள்ளிக்கு ஊற்றிய தண்ணீர்

மகளை மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்து மூன்று வாரம் ஆகிறது. ஆபத்து நீங்கிவிட்டது என்கிறார்கள். ஆனாலும் அவள் அறைக்கதவை ஒரு நாளைக்குப் பத்து முறை தட்டுகிறேன். ஒருமுறை ஹார்லிக்ஸ், ஒருமுறை ரசம், ஒருமுறை கையில் ஒன்றும் இல்லாமல். நேற்று, "கொஞ்சம் விடேம்மா" என்றாள். கோபமில்லை. அப்போதுதான் எர்லாங்கன் கள்ளிச்செடி நினைவுக்கு வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. அந்த ஜெர்மன் ஊரில் பொறியாளராக இருந்த அப்பா பல வீடுகளில் 'இல்லை' கேட்டபிறகு, ஒரு விதவை அம்மாள் தன் மாடியை எங்களுக்கு விட்டார். அவருடைய செல்லம், பின்வாசலில் இறவாரத்தடியில் தொட்டி நிறைய வளர்ந்திருந்த சப்பாத்திக்கள்ளி. கோடையில் விறைப்பாக நின்றது, குளிர் வந்ததும் சுருங்கி மண்ணோடு படுத்துவிட்டது.

அதே குளிர்காலத்தில் அம்மாவும் படுத்துவிட்டாள். பாப்பா வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அம்மா மட்டும் வந்தாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

ஊர் விதையில் முளைத்த எங்கள் துளசி முதல் பனியிலேயே போயிருந்தது. ஆனாலும் அம்மா வெள்ளிக்கிழமை குளித்ததும் காலித் தொட்டிக்கு ஒரு செம்புத் தண்ணீர் விடுவாள். அது நின்றுபோனதால்தான் இத்தனையும் என்று நான் முடிவுசெய்தேன். வெறும் மண்ணைவிட உயிருள்ள செடிக்கு ஊற்றினால் சீக்கிரம் பலிக்கும் என்றும் தோன்றியது.

வீட்டுக்கார அம்மாள் கிறிஸ்துமஸுக்குத் தங்கை வீட்டுக்குப் போகும்போது, கள்ளிக்கு மார்ச் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் குளித்துவிட்டு ஒரு செம்பு ஊற்றினேன். குளிர் சற்றுத் தணிந்திருந்த நாட்கள். பத்து நாளில் மடல்கள் உப்பின. அம்மா எழுந்திருக்கவில்லை.

பிறகு கடும் உறைபனி விழுந்தது. காலையில் மடல்கள் கண்ணாடிபோல் இருந்தன. வெயில் பட்டதும் கறுத்துக் கூழாகிவிட்டன. அன்று மாலைதான் அந்த அம்மாள் திரும்புவதாக இருந்தது.

"போச்சு. இனி யாரு வீடு தருவா?" என்று அப்பா தலையில் கைவைத்தார். நான் அழுத சத்தத்தில் அம்மா எழுந்து வந்தாள். செம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான்தான் ஊத்தினேன்னு சொல்லிடுங்க. தண்ணி கூடாதுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நம்புவாங்க."

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவளே முதலில் கீழே இறங்கினாள். அந்த அம்மாள் தொட்டியையும் அம்மாவையும் அழுது வீங்கிய என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். கத்தியால் கூழை அறுத்து ஒதுக்கினார். சுவரோரம் தண்ணீர் எட்டாத இரண்டு மடல்கள் வற்றிச் சுருங்கி மிஞ்சியிருந்தன. அவர் சொல்லச்சொல்ல அப்பா தமிழில் சொன்னார்:

"குளிருக்கு முன்னாடியே தண்ணிய வெளியேத்திடுமாம். மிச்ச சாறு கெட்டியாயிடும், சுலபமா உறையாது. நிறைஞ்சிருந்தாத்தான் உறைஞ்சு வெடிக்குமாம். இது வாடினது இல்லையாம், பொழைச்சுக் கிடக்காம்."

அம்மா அந்த இரண்டு மடல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானா எழுந்துக்குமான்னு கேளுங்க."

அப்பா கேட்டார். அந்த அம்மாள் பதிலை அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவின் தோளைத் தொட்டு, அவளுக்கும் புரியும்படி மெதுவாகச் சொன்னார்: "மார்ச்சில். சிலசமயம் ஏப்ரல்."

எங்களை அவர் வெளியேற்றவில்லை. ஏப்ரலில் மடல்கள் நிமிர்ந்தன. அதற்குள் அம்மாவும் வெள்ளிக்கிழமைச் செம்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும், ஊருக்குப் போயிருந்த நாட்கள் நீங்கலாக, அந்த அம்மாள் மூடிய பாத்திரத்தில் சூப்போ உருளைக்கிழங்கோ எங்கள் மாடிப்படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போவார். ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. எங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.